வளைந்த முதுகு, பாதிச் செவுள் மூடி: டிரவுட் மீன்களில் இந்த ஊனங்கள் எதனால் வருகின்றன?

ஓடைக்கரை எழுதியது:

வணக்கம். நான் மீன் பிடிக்கிற ஓடையில் இரண்டு வகை டிரவுட் உண்டு. அங்கேயே பிறந்து வளர்கிற பிரவுன் டிரவுட் ஒன்று, பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து விடுகிற ரெயின்போ டிரவுட் இன்னொன்று. இந்தப் பருவத்தில் கோணலான மீன்கள் அடிக்கடி தூண்டிலில் மாட்டுகின்றன.

ஒரு ரெயின்போவுக்கு இடது செவுள் மூடி பாதிதான் இருந்தது. அதன் ஓரம் உள்பக்கமாக மடிந்து, செவுளின் சிவப்பு இழைகள் அப்படியே வெளியே தெரிந்தன. மற்றபடி நல்ல கொழுத்த மீன், இழுவையும் பலமாகவே இருந்தது. இன்னொரு ரெயின்போவின் முதுகுத் துடுப்பு முக்கால்வாசி தேய்ந்துபோய், தடித்த வெள்ளைத் திட்டாகத்தான் மிச்சம் இருந்தது. அப்புறம் ஒரு சின்ன பிரவுன், விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரியது, மேலிருந்து பார்த்தால் முதுகுத் துடுப்புக்குப் பின்னால் உடம்பு இடமும் வலமுமாக நெளிந்திருந்தது. கடைசியாக ஒரு பெரிய பிரவுன், மேல்தாடை குட்டையாகி, நெற்றி செங்குத்தாக இறங்கி, கீழ்த்தாடை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் பண்ணையிலிருந்து வந்த கோளாறா, தண்ணீரில் ஏதாவது கலக்கிறதா, இல்லை நோயா? பண்ணை மீன்களோடு வந்த நோய் உள்ளூர் மீன்களுக்கும் ஒட்டிக்கொண்டதோ என்பதுதான் என் பெரிய கவலை. இப்படிப்பட்ட மீனைத் திரும்ப விடுவதா, எடுத்துவிடுவதா, சாப்பிடலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தொட்டிநீர் எழுதியது:

டிரவுட் பண்ணையில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்த இரண்டு ரெயின்போவைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டுமே பண்ணையில் தினம் தினம் பார்க்கிற விஷயங்கள், நோயாக இருக்க வாய்ப்பு குறைவு.

முதலில் துடுப்பு. நெருக்கமாக வளர்கிற ரெயின்போக்கள் ஒன்றையொன்று கடிக்கும், அதிலும் முதுகுத் துடுப்பைத்தான் குறிவைக்கும். தீனி போடும் நேரத்தில் தொட்டி ஓரத்தில் நின்று பார்த்தாலே தெரியும், பெரியது சின்னதை விரட்டி முதுகில் ஒரு கடி கடித்துவிட்டுத் திரும்பும். அந்தக் காயத்தில் பாக்டீரியா சேர்ந்துகொள்ளும், சிமென்ட் சுவரில் உரசுவதும் சேரும், மார்புத் துடுப்புகளும் வால் முனைகளும் மழுங்கிப் போகும். துடுப்பின் அடிப்பகுதி கெடாமல் இருந்தால் ஓடையில் விட்டபிறகு திரும்ப வளரும், ஆனால் துடுப்புக் கதிர்கள் நேராக வராது, தடித்து அலை அலையாக நெளிந்து வரும். விட்டு ஒரு வருடம் ஆன பண்ணை மீனைக்கூட அந்த நெளிவை வைத்து அடையாளம் காணலாம். துடுப்பை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கதிர்கள் எங்கே உடைந்து எங்கே ஒட்டியிருக்கின்றன என்று நன்றாகத் தெரியும்.

செவுள் மூடி குட்டையாவதற்குக் காரணம் ஒன்றல்ல. குஞ்சுப் பருவத்தில் நெரிசல், தண்ணீரின் தரம், தீனியில் குறை, பரம்பரை என்று எல்லாமே பேசப்படுகிறது, பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்துதான் வேலை செய்யும். தீனியில் முக்கியமானது வைட்டமின் சி. மனிதர்களைப் போலவே டிரவுட்டாலும் அதைத் தன் உடம்பில் தயாரித்துக்கொள்ள முடியாது. அது இல்லாவிட்டால் எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் அடிப்படையான கொலாஜன் சரியாக உருவாகாது, செவுளைத் தாங்கும் குருத்தெலும்பு கோணும், முதுகெலும்பு பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் வளையும். வைட்டமின் சியின் வெறும் வடிவமான அஸ்கார்பிக் அமிலம் தீனி மூட்டையில் நாளாக ஆக வீரியம் இழந்துவிடும். அதனால்தான் இப்போது பாஸ்பேட்டோடு சேர்த்து நிலைப்படுத்திய வடிவத்தைப் போடுகிறார்கள். பாஸ்பரஸ் குறைந்தாலும் எலும்பு மெலிந்து வளையும். டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் குறைந்தால் ரெயின்போ குஞ்சுகளின் முதுகு பக்கவாட்டில் வளையும், தீனியைச் சரிசெய்ததும் அந்த வளைவு திரும்ப நிமிர்வதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நிமிர்கிற கோணல் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

முட்டை அடைகாக்கும்போது வெப்பம் அதிகமானாலும் சிக்கல்தான். ரெயின்போ முட்டை 10 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பொரியும். தண்ணீரைச் சூடாக்கி அதை வேகப்படுத்தினால் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், மீன் வளர்ந்தபின் உடம்பு அமுங்கிய மாதிரி குட்டையாக இருக்கும். இனப்பெருக்கம் செய்யாத மும்மடிய மீன்களை (குரோமோசோம்கள் இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதியாக இருப்பவை) நிறைய இடங்களில் விடுகிறார்கள், கருவுற்ற கொஞ்ச நேரத்தில் முட்டைக்கு வெப்பமோ அழுத்தமோ கொடுத்து உண்டாக்குபவை அவை. அவற்றில் எலும்புக் கோளாறு சாதாரண மீன்களைவிடக் கூடுதலாகவே தெரியும், பாஸ்பரஸ் தேவையும் அவற்றுக்கு அதிகம்.

நல்ல பண்ணையில் ஓடைக்கு அனுப்பும் முன் கோணல் மீன்களைக் கையால் பொறுக்கி எடுத்துவிடுவார்கள். எடுக்கத்தான் வேண்டும். காசு கொடுத்துப் பிடிக்க வருகிறவர்களுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. செவுள் பாதி திறந்து கிடக்கிற மீன் கோடையில் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும்போது முதலில் தவிக்கும், அந்த நிலையில் அதைக் கொண்டுபோய் ஓடையில் விடுவது நியாயமே இல்லை.

---

முள்முனை எழுதியது:

தாடைக் கோளாறு என்று நாம் நினைப்பதில் பாதி தூண்டில் காயம்தான். மீனைப் பிடித்துத் திரும்ப விடுகிற நீர்நிலைகளில் மேல்தாடையின் பக்க எலும்பு பிய்ந்துபோன மீன்கள் சகஜம். காயம் ஆறியபின் பார்த்தால் பிறவியிலேயே அப்படி என்று தோன்றும். வித்தியாசம் எப்படித் தெரியும் என்றால், காயம் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் இருக்கும், ஓரத்தில் தழும்பு இருக்கும், தோலின் புள்ளிகள் அந்த இடத்தில் கலைந்திருக்கும். பிறவிக் கோளாறு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், தோலும் புள்ளிகளும் ஒழுங்காக இருக்கும். நீங்கள் சொன்ன அந்தப் பெரிய பிரவுன் நெற்றி இறங்கி, தாடை இரண்டு பக்கமும் சமமாகக் குட்டையாக இருந்தால் அது பிறவிதான், பார்ப்பதற்கு பக் நாயின் முகம் மாதிரி இருக்கும். தொற்றாது. அந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்றால் இரை பிடிக்க அதற்கு எந்தக் கஷ்டமும் இல்லை என்றுதான் அர்த்தம்.

ஊனமே இல்லாததையும் ஊனம் என்று நினைத்துவிடுவதுண்டு. முட்டையிடும் காலத்தில் ஆண் பிரவுனின் கீழ்த்தாடை நுனி மேல்நோக்கி வளைந்து கொக்கியாகும், அது இயல்பு. பெண் மீன் வாலால் சரளைக் கற்களைக் கிளறிக் குழி தோண்டும், அதனால் வாலின் கீழ்ப்பகுதி தேய்ந்து வெள்ளையாகி இருக்கும். இதைப் பார்த்து பண்ணை மீன் என்று முடிவு கட்டக் கூடாது, அந்த மீனின் மார்புத் துடுப்புகள் முழுசாக, கூர்மையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கிற சின்னக் கொழுப்புத் துடுப்பு அடியோடு இல்லாவிட்டால், பண்ணையில் அடையாளத்துக்காக வெட்டியிருப்பார்கள்.

இன்னொன்று, மின்சாரம் பாய்ச்சி மீன் கணக்கெடுப்பது. அந்த அதிர்ச்சியில் தசை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறுகும், அந்த வேகத்தில் முதுகெலும்பு முறியலாம். விட்டு விட்டுப் பாய்கிற துடிப்பு மின்சாரத்தில் பெரிய டிரவுட்டுகளுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று 1980களிலேயே எக்ஸ்ரே எடுத்துக் காட்டிவிட்டார்கள். மீன் சாகாமல் தப்பினால் முறிவு கோணலாகக் கூடிவிடும். அதனால் உங்கள் ஓடையில் யாராவது அப்படிக் கணக்கெடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். நாரை கொத்திய மீனும் இப்படி ஆகும், ஆனால் அதற்குத் தழும்பு தெரியும்.

---

குளிரோடை எழுதியது:

மீன் நோய் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அந்தச் சின்ன பிரவுனைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் நோய் பற்றிய உங்கள் பயத்துக்குக் காரணம் அதுதான்.

முதுகு நெளிந்த டிரவுட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் சுழல் நோய்தான் நினைவுக்கு வரும். மிக்சோபோலஸ் செரிப்ராலிஸ் என்ற நுண்ணிய ஒட்டுண்ணி உண்டாக்குவது அது. ஜெர்மனியில் 1890களில் முதலில் கவனிக்கப்பட்டது, 1950களில் அமெரிக்காவில் தெரியவந்தது, கனடாவில் 2016ல் பான்ஃப் தேசியப் பூங்காவில் முதன்முறையாகக் கண்டுபிடித்தார்கள். இதற்கு இரண்டு உயிர்கள் வேண்டும், ஒன்று டிரவுட் அல்லது சால்மன் இனத்து மீன், மற்றது சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் புழு. செத்த மீனிலிருந்து வெளியாகும் வித்துகளை, அதாவது ஒட்டுண்ணி பரவுகிற நுண்ணிய வடிவத்தை, புழு விழுங்கும், புழுவுக்குள் அது வேறு வடிவம் எடுக்கும், மூன்று கொக்கிக் கைகளோடு தண்ணீரில் மிதந்து வந்து மீன் குஞ்சின் தோலில் ஒட்டி உள்ளே நுழையும். இந்தச் சுற்று 1980களில்தான் தெளிவானது. அதுவரை மீனின் வித்துகளை நேராக மீனுக்குக் கொடுத்தால் ஏன் நோய் வரவில்லை என்று புரியாமல் இருந்தார்கள்.

உள்ளே போனபின் நரம்புகள் வழியாகக் குருத்தெலும்பை அடைந்து அதைத் தின்னும். குஞ்சின் மண்டையும் முதுகும் இன்னும் எலும்பாக இறுகாத அந்த முதல் சில வாரங்களில்தான் அடி பலமாக விழும். மூளைத்தண்டும் தண்டுவடமும் நசுங்குவதால் குஞ்சு தன் வாலைத் துரத்துவது போல ஒரே இடத்தில் சுழலும், நிறத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் நசுங்குவதால் வால் பகுதி கறுத்துப்போகும். பிழைத்த மீனுக்கு மண்டை குழிந்து, தாடை கோணி, செவுள் மூடி குட்டையாகி, முதுகு நெளிந்து இருக்கும். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்து மாடிசன் ஆற்றில் 1990களில் ரெயின்போக்களின் எண்ணிக்கை சில இடங்களில் பத்தில் ஒன்றாகக் குறைந்ததை நோய்த் துறையில் யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அதே ஆற்றில் பிரவுன் டிரவுட் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. ஐரோப்பாவில் இந்த ஒட்டுண்ணியோடு சேர்ந்தே வாழ்ந்து பழகிய இனம் அது, உள்ளே கிருமி இருந்தாலும் ஊனம் அவ்வளவாக வெளியே தெரியாது.

அதனால் உங்கள் ஓடையில் சுழல் நோய் என்றால் ரெயின்போக்கள்தான் முதலில் சாட்சி சொல்ல வேண்டும், அதுவும் அங்கேயே பொரிந்த குஞ்சுகள். நெளிந்தது பிரவுன் ஒன்று மட்டும் என்றால் நான் வேறு காரணங்களைத்தான் முதலில் தேடுவேன். குளிர்நீர் நோய் என்று ஒன்று இருக்கிறது, ஃபிளாவோபாக்டீரியம் சைக்ரோஃபிலம் என்ற பாக்டீரியா. வால் தண்டைப் புண்ணாக்கி அரிக்கும், அதிலிருந்து பிழைத்த குஞ்சுகளும் முதுகு வளைந்து, சுழன்று நீந்தும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. மண்டையை நொதிகளால் கரைத்து வித்துகளைத் தேடி, அப்புறம் பிசிஆர் என்ற மரபணுச் சோதனையில் உறுதி செய்தால்தான் சுழல் நோய் என்று சொல்ல முடியும்.

---

ஓடைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, நிறைய தெளிவு கிடைத்தது. பிடித்தபோது எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய பிரவுனின் தாடை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, தழும்பு எதுவும் இல்லை. சின்ன பிரவுனுக்கு வால் கறுக்கவில்லை, மண்டை சரியாக இருக்கிறது, வளைவு மட்டும்தான். ரெயின்போவின் வலது செவுள் மூடி முழுசாக இருக்கிறது, மார்புத் துடுப்பு இரண்டும் மழுங்கிப் போயிருக்கின்றன.

ஒரு சந்தேகம். இயற்கையாக வளர்கிற மீன்களில் ஊனமே இருக்காது, இருந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அது சரியா?

---

மணல்படுகை எழுதியது:

சரியில்லை. ஆற்றில் பிறக்கிற குஞ்சுகளிலும் கோணல் குஞ்சுகள் உண்டு, இரட்டைத் தலைக் குஞ்சுகூட எப்போதாவது பொரியும். ஓட்டத்தை எதிர்த்து நிற்க முடியாததும் இரையை எட்ட முடியாததும் சில வாரங்களிலேயே செத்துவிடும், அல்லது பெரிய மீனின் வாய்க்குப் போய்விடும். பண்ணையில் தீனி வாசலுக்கே வருகிறது, கொத்த நாரை வருவதில்லை, அதனால் அதே கோணலோடு அது பெரிதாகிறது. தூண்டிலில் வருகிறதை மட்டும் வைத்துப் பண்ணை மீனையும் ஆற்று மீனையும் ஒப்பிட்டால் ஆற்று மீன்கள் எல்லாம் பிறக்கும்போதே ஒழுங்காகப் பிறந்தன என்ற தவறான எண்ணம்தான் வரும். ஆற்றில் உண்மையான கணக்கு வேண்டுமென்றால் குஞ்சுகளைப் பார்க்க வேண்டும்.

தனிமைப்பட்ட சின்ன நீர்நிலைகளில் ஊனம் பரம்பரையாகவே நிலைத்துவிட்டது என்று நம்பப்பட்ட கதைகளும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஐலே தீவில் ஒரு சிறிய ஏரியில் வால் துடுப்பு குறைந்துபோன டிரவுட்டுகளையும், வேல்ஸின் பிளின்லிமன் மலைப்பகுதியில் கூன் முதுகு டிரவுட்டுகளையும் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பண்ணை மீன் அங்கே போய்ச் சேர்வதற்கு முந்தைய காலம் அது.

அதற்காகத் தண்ணீரைச் சந்தேகிக்கவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் ஓடைகளில் மாதிரி எடுக்கிற வேலையில் இருக்கிறேன், எனக்கு உண்மையிலேயே பயம் தருவது செலினியம் என்ற தனிமம்தான். நிலக்கரிச் சாம்பல் குட்டை, பாஸ்பேட் சுரங்கக் கழிவு மேடு இவற்றிலிருந்து கசிந்து ஓடைக்கு வரும். தண்ணீரில் இருப்பது ரொம்பக் கொஞ்சமாக இருந்தாலும் பாசி, பூச்சி, மீன் என்று படிப்படியாகக் கூடிக்கொண்டே போகும். தாய் மீன் பார்க்க நன்றாக இருக்கும், கொழுத்தே இருக்கும், தன் உடம்பிலிருந்து முட்டையின் கருவுணவுக்குள் அதை இறக்கிவிடும். குஞ்சு அந்தக் கருவுணவை உறிஞ்சும்போதுதான் சேதம் நடக்கும், முதுகு வளையும், தலை உருக்குலையும், துடுப்பு வராமலே போகும், வயிறு நீர் கோத்து வீங்கும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துத் தென்கிழக்கில் பாஸ்பேட் சுரங்கத்துக்கு அருகே உள்ள ஓடைகளின் பிரவுன் டிரவுட் முட்டைகளை ஆய்வகத்தில் பொரிக்க வைத்தபோது இரட்டைத் தலைக் குஞ்சுகள் வந்தன, 2012ல் அந்தப் படங்கள் செய்தியாகி உலகம் முழுக்கச் சுற்றின. எப்போதாவது இயல்பாகவும் வருகிறது என்று மேலே சொன்னேனே, அதனால் அங்கேயும் அந்தப் படத்தைவிட முக்கியம் மொத்தக் குஞ்சுகளில் எத்தனை பங்கு கோணல் என்பதுதான்.

ஈயமும் உண்டு. பழைய சுரங்கப் பகுதிகளில் ரெயின்போக்களுக்கு வால் கறுத்து முதுகு வளைவது ஈயத்தாலும் வரும், சுழல் நோய் என்று தவறாக நினைத்துவிடுவார்கள். அதனால்தான் கறுத்த வாலை மட்டும் பார்த்து நோயின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. இரண்டு கண்ணும் குருடான டிரவுட்டுகூட உடம்பெல்லாம் கறுத்துவிடும், வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தை மாற்றுவதற்குக் கண்தான் வழிகாட்டி.

உங்கள் ஓடையில் நான்கு மீனுக்கு நான்கு விதமான கோளாறு. தண்ணீரில் ஒரு நஞ்சு இருந்தால் இப்படித் தெரியாது, ஒரே வயதுக் குஞ்சுகளில் நிறைய பேருக்கு ஒரே மாதிரி கோணல் வரும். கோடையின் தொடக்கத்தில் ஆழமில்லாத கரையோரத்தில் அந்த வருடத்துக் குஞ்சுகள் கூட்டமாக நிற்கும், அங்கே குனிந்து கொஞ்ச நேரம் பாருங்கள். நூறு குஞ்சில் ஒன்றிரண்டு கோணல் என்றால் நான் கவலைப்பட மாட்டேன். கையில் அள்ளும்போதெல்லாம் வளைந்த குஞ்சு வந்தால் உடனே மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள்.

---

கரையோரம் எழுதியது:

சாப்பிடலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. சுழல் நோய் மனிதருக்கு வராது. செவுள் மூடி, துடுப்பு, வளைந்த முதுகு இதெல்லாம் இறைச்சியைக் கெடுப்பதில்லை. திறந்த புண், சீழ், வீங்கிய வயிறு இருந்தால் வேண்டாம். அந்த நீர்நிலைக்கு உலோக எச்சரிக்கை ஏதாவது இருந்தால் கோணல் மீன், நேரான மீன் என்ற வித்தியாசமே பார்க்காதீர்கள், இரண்டிலும் நஞ்சு ஒன்றுதான்.

---

குளிரோடை எழுதியது:

மீனைத் திரும்ப விடுவதா என்று கேட்டீர்கள். உங்கள் விவரத்தைப் பார்த்தால் பெரிய பிரவுனை விடுவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம், இத்தனை வருடம் பிழைத்த மீன் அது. விதிகள் அனுமதித்தால் செவுள் மூடி பாதியான ரெயின்போவை நான் எடுத்துக்கொள்வேன். சந்தேகமான குஞ்சு கிடைத்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள்: இரண்டு பக்கமும், மேலிருந்தும் படம் எடுங்கள், நீளத்தை அளந்து, பிடித்த இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், வைத்துக்கொள்ள அனுமதி இருந்தால் பனிக்கட்டியில் போட்டு அன்றைக்கே ஆய்வகத்தில் கொடுங்கள். உறைய வைத்தால் சுழல் நோயின் வித்துகளைத் தேடிவிடலாம், ஆனால் குளிர்நீர் நோயின் பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பது கஷ்டமாகிவிடும்.

முக்கியமான ஒன்று, பிடித்த மீனை வேறு ஓடையில் கொண்டுபோய் விடாதீர்கள், தலையையும் குடலையும் தண்ணீரில் வீசாதீர்கள். சுழல் நோயின் வித்துகள் பறவையின் வயிற்றுக்குள் போய் வெளியே வந்தாலும் உயிரோடு இருக்கும், ஈரச் சேற்றில் நீண்ட நாள் தாங்கும். காலணியின் அடியில் ஒட்டிய சேற்றோடு அடுத்த ஓடைக்கு அதைச் சுமந்துபோகிறவர்கள் நாம்தான். கம்பளி அடித்தோல் வைத்த காலணி என்றால் இன்னும் மோசம், சேறு உள்ளே ஊறிவிடும். ஓடையை விட்டுக் கிளம்பும் முன் தேய்த்துக் கழுவி, அடுத்த ஓடையில் இறங்கும் முன் முழுக்கக் காய வையுங்கள்.